எக்ஸிட் போல் பார்க்கும்போது முதல்ல சீட்டை விடுங்க, வோட்டைப் பாருங்க

டிவில "இவங்களுக்கு 150, அவங்களுக்கு 80"னு ஓடுதுல்ல, ஒரு சர்வேல இருக்குறதுலயே வீக்கான நம்பர் அதுதான், ஆனா எல்லாரும் ஃபார்வர்ட் பண்றது அதைத்தான், டிபேட்ல உக்காந்து மணிக்கணக்கா பேசுறதும் அதைத்தான். சர்வே டேட்டாவோடயே வேலை பாக்குற ஆளுங்குறதால எனக்கு இது நெஜமாவே வருத்தமா இருக்கும். ஜனங்ககிட்ட கேட்டு வாங்குனது யாருக்கு வோட்டுங்குற பதிலை மட்டும்தான், சீட்டுங்குறது அதுக்கு மேல ஏதோ ஒரு மாடல் போட்டு எடுத்தது. அதனால முதல் வேலையா வோட்டு சதவீதம் எங்க போட்டிருக்காங்கன்னு தேடுங்க, போடவே இல்லைன்னா அந்த சர்வேய விட்டுடுங்க, அதுல படிக்க ஒண்ணும் இல்ல.

சீட் எவ்ளோ ஆடும்னு தெரியணும்னா 2016 சட்டமன்றத் தேர்தல பாருங்க. அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் நடுவுல சுமார் 1% வோட்டுதான் வித்தியாசம், சீட்டு 134க்கு 98. 1996ல அதிமுக கிட்டத்தட்ட 21% வாங்கியும் கெடச்சது 4 சீட்டு. 2024 லோக்சபாவுல திமுக கூட்டணிக்கு சுமார் 47%, ஆனா 39க்கு 39, ஏன்னா எதிர்ப்பக்கம் வோட்டு பல பக்கமா பிரிஞ்சு கெடந்துச்சு. வோட்டுல ஒண்ணு ரெண்டு சதவீதம் தப்பானாலே சீட்டு கணக்கு தலைகீழா மாறிடும்.

சரி, அந்த ஒண்ணு ரெண்டு சதவீதத்தை சர்வேயால பிடிக்க முடியுமா? இதுக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கு, கால்குலேட்டர் போதும். எத்தன பேர்கிட்ட கேட்டாங்களோ அதோட வர்க்கமூலத்தை எடுத்து 100ஐ அதால வகுங்க. 2500 பேர்னா வர்க்கமூலம் 50, அப்போ பிழை கூட்டியோ கொறச்சோ 2%. இது ஒரு கட்சியோட வோட்டுக்கு. ரெண்டு கட்சிக்கு நடுவுல உள்ள வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட டபுள், 4%. அதுவும் ஆளுங்கள குலுக்கல் மாதிரி தனித்தனியா எடுத்திருந்தாதான், நெஜத்துல சில பூத்தை எடுத்துட்டு அங்கயே பத்து இருபது பேரக் கேப்பாங்க, ஒரே தெருவுல உள்ளவங்க வோட்டு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்குறதால பிழை இன்னும் கூடும். அப்போ 2016 மாதிரி 1% ரேஸ்ல இந்த சர்வே ஒருத்தர ஜெயிக்க வச்சா அது கணிப்பே இல்ல. தொகுதிவாரியா போடுறதை இன்னும் சந்தேகமா பாருங்க, 5000 பேர்னா 234 தொகுதிக்கு பிரிச்சா தொகுதிக்கு 21 பேர், பிழை 20 சதவீதத்துக்கு மேல போயிடும்.

"அப்போ லட்சம் பேர்கிட்ட கேட்டா சரியா வருமா"ன்னா, வராது, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. 1936ல அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னாடி லிட்டரரி டைஜஸ்ட்ங்குற பத்திரிகை யாருக்கு வோட்டுன்னு கேட்டு ஒரு கோடி பேருக்கு தபால் அனுப்புச்சு, 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு, ரூஸ்வெல்ட்ட எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46 ஜெயிச்சாரு. அந்த லிஸ்ட்ல வசதியானவங்க அதிகம், பதில் போட்டவங்களும் போடாதவங்களும் வேற வேற மாதிரி ஆளுங்க. எத்தன பேருங்குறதை விட யாரு, யாரு பதில் சொல்லலைங்குறதுதான் முக்கியம். போன்லயா நேர்லயா, கிராமம் எவ்ளோ, பொம்பளைங்க எவ்ளோ, "சொல்ல மாட்டேன்"னவங்க எவ்ளோன்னு பாருங்க. 15% பேர் வாயத் தொறக்கல, முன்னணி 5%னா அந்த முன்னணிய நம்பி எதுவும் பேச முடியாது. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் வந்து கேட்டா, ஊர்ல பலம் இல்லாத கட்சிக்கு போட்டவங்க சொல்லத் தயங்குவாங்க, அந்த பயம் நியாயமானது, ஆனா அது டேபிள்ல எங்கயும் தெரியாது.

அதே காரணத்துக்குத்தான் எல்லா சர்வேயயும் கூட்டி ஆவரேஜ் போடுறத வச்சு நிம்மதி ஆகாதீங்கன்னு சொல்றேன். தற்செயலான பிழைன்னா சிலது மேல போகும், சிலது கீழ போகும், ஆவரேஜ்ல அடிபட்டுடும். ஆனா 2004ல பாஜக கூட்டணிதான் திரும்ப வரும்னு எக்ஸிட் போல் சொன்னுச்சு, காங்கிரஸ் 145, பாஜக 138னு வந்துச்சு. 2024ல பெரும்பாலானவங்க பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல குடுத்தாங்க, வந்தது 293. ரெண்டு தடவையும் தப்பு ஒரே பக்கம். ஒரே பக்கம் சாயுற தப்பை எத்தன தடவ கூட்டி வகுத்தாலும் அது அப்படியேதான் நிக்கும்.

வாட்ஸ்அப் விஷயம் ஒண்ணு: கடைசி கட்ட வாக்குப்பதிவு முடிஞ்சு அரை மணி நேரம் ஆகுற வரைக்கும் எக்ஸிட் போல் வெளியிட சட்டத்துல தடை இருக்கு, அதுக்கு முன்னாடி வர்ற லிஸ்ட்ட ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

ரிசல்ட் வந்தப்புறம் ஒரு வேலை பண்ணுங்க, இதை யாருமே பண்றதில்ல. சர்வே கம்பெனி குடுத்த வோட்டு சதவீதத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருந்து தேர்தல் ஆணையம் போடுற வோட்டு சதவீதத்தோட ஒப்பிடுங்க, உங்க ஏரியாவ மட்டும் பாக்கணும்னா தொகுதி ரிசல்ட் ஷீட்டான ஃபார்ம் 20ல பூத் வாரியா இருக்கும். சீட்டு சரியா வந்து வோட்டு 5% தப்பா இருந்தா அவங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு, அடுத்த தேர்தல்ல அதே கம்பெனி "போன தடவ நாங்கதான் கரெக்ட்"னு வரும்போது இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்க.