மேலாளரின் பிறந்தநாளுக்கு மொய் எழுதலாமா? அலுவலகப் பரிசுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குழு முளைக்கிறது. டீமில் உள்ள பதினான்கு பேரும் அதில் இருக்கிறார்கள், மேலாளர் மட்டும் இல்லை. "நாளை மறுநாள் சாருக்குப் பிறந்தநாள். தலைக்கு ஐந்நூறு. இன்றைக்குள் ஜிபே செய்துவிடுங்கள்" என்று முதல் செய்தி வருகிறது. மதியத்துக்குள் பெயரும் தொகையுமாக ஒரு பட்டியல் அதே குழுவில் ஏறிவிடுகிறது. பணம் அனுப்பியவர் பெயருக்கு எதிரே பச்சை நிறத்தில் ஒரு டிக், அனுப்பாதவருக்கு எதிரே வெற்றிடம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத, சம்பளத்தில் ஒரு பங்கை விடுதி வாடகைக்கும் இன்னொரு பங்கை ஊரிலுள்ள கடனுக்கும் எண்ணி வைத்திருக்கும் ஒருவர் அந்த வெற்றிடத்தை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பார் என்பதைப் பட்டியலைப் போட்டவர் யோசிப்பதில்லை. மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்த நான் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அப்படியொரு பட்டியலை ஒரு காலத்தில் போட்டது நானேதான்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்த வசூல்தான் அலுவலகப் பிறந்தநாள் பரிசுகளில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது. கூட்டாகப் பணம் போடுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு முறை இருப்பதால் இது தவறாகவே நமக்குத் தெரிவதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு மொய் எழுதும்போது பெயரையும் ஊரையும் தொகையையும் நோட்டில் குறிப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. இன்று நான் எழுதிய 501 ரூபாய் நாளை என் வீட்டு விசேஷத்தில் அதே அளவிலோ சற்றுக் கூடுதலாகவோ திரும்பி வரும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். செய்முறை என்பது சமமானவர்களுக்கு இடையே சுழலும் கணக்கு. சம்பள உயர்வையும் விடுப்பையும் இரவுப் பணியையும் முடிவு செய்யும் ஒருவருக்குக் கொடுப்பது அந்தக் கணக்கில் சேராது. அது ஒன்று, திரும்பி வராமலே போகும். அல்லது வேறு ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டதோ என்ற சந்தேகத்தை மற்றவர்களிடம் கிளப்பும். ஆகவே பரிசு மேலிருந்து கீழே வரலாம், சக ஊழியர்களுக்குள் போகலாம், கீழிருந்து மேலே ஏறுவதை மட்டும் தவிர்த்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அரசுப் பணியில் இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமன்று. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகளில் 13-ஆவது விதி பரிசுகளைப் பற்றியது. திருமணம், ஆண்டு நிறைவு, இறுதிச் சடங்கு, சமயச் சடங்கு போன்ற தருணங்களில் வழக்கத்தையொட்டி நெருங்கிய உறவினரிடமிருந்தும் அலுவல் தொடர்பில்லாத நண்பர்களிடமிருந்தும் பரிசு பெறலாம் என்றும், குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மற்றவர்களிடமிருந்து வருவதற்கு 2019-இல் திருத்தப்பட்ட வரம்பு, மேல்நிலைப் பதவிகளான ஏ, பி பிரிவினருக்கு 5,000 ரூபாய், அவர்களுக்குக் கீழுள்ள சி பிரிவினருக்கு 2,000 ரூபாய்; அதற்கு மேல் என்றால் அனுமதி வேண்டும். இதைவிட நுட்பமானது 14-ஆவது விதி. இடமாற்றம், பணி ஓய்வு ஆகியவற்றின்போது எளிமையான, தனிப்பட்ட முறையிலான வழியனுப்பு விருந்தை அனுமதிக்கும் அவ்விதி, அதற்குப் பணம் தரும்படி யாரையும் நெருக்குவதைத் தடை செய்கிறது. அதோடு, சி பிரிவு ஊழியர்களிடம், அந்தப் பிரிவைச் சேராத ஒருவருக்கான விருந்துக்காக எந்தச் சூழ்நிலையிலும் வசூல் கூடாது என்கிறது. 'விருப்பப்பட்டுத்தான் கொடுத்தார்கள்' என்ற பதிலுக்கே அங்கு இடமில்லை. விதியை எழுதியவருக்கு அலுவலகம் தெரிந்திருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தனியே உள்ளன. அவர்கள் பார்க்க வேண்டியது அவற்றையே.

அமெரிக்க நடுவண் அரசு அலுவலகங்களில், பிறந்தநாள் போன்ற தருணத்தில் மேலதிகாரிக்கு எப்போதாவது தரும் பரிசு 10 டாலர் மதிப்புக்குள் இருக்க வேண்டும், ரொக்கமாக இருக்கக் கூடாது. நம் தனியார் நிறுவனங்களின் நடத்தைக் கையேடுகளோ, சப்ளையர்களும் வாடிக்கையாளர்களும் தரும் பரிசுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்து வருவதைப் பற்றிப் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

மேலாளர்கள் செய்யும் தவறும் பெரும்பாலும் வாய் திறக்காமல் இருப்பதுதான். "நான் கேட்கவில்லையே, அவர்களாகத்தானே கொடுத்தார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சென்ற ஆண்டு கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வருபவர் இந்த ஆண்டு தானாக எதையும் கேட்க வேண்டியதில்லை, கடிகாரமே கேட்டுவிடும். வசூலை முன்னின்று செய்பவர் யார் என்பது எந்த டீமிலும் எல்லாருக்கும் தெரியும். பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே அவரைத் தனியே அழைத்து, "இந்த வருஷம் எனக்காக யாரிடமும் காசு வாங்க வேண்டாம், கேக் நான் வாங்கி வருகிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். அதைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தால் பிறந்தநாளை நினைவூட்டியதாக ஆகிவிடும். சொல்லியும் பரிசு வந்துவிட்டால், சபையில் திருப்பிக் கொடுத்துக் கொண்டுவந்தவரைக் கூனிக் குறுக வைப்பது இன்னொரு தவறு. தின்பண்டமாக இருந்தால் பொது மேசையில் வைத்துவிடலாம். வெள்ளிக் குத்துவிளக்கு, தங்கக் காசு என்று விலையுயர்ந்ததாக இருந்தால், மறுநாள் உரியவரைத் தனியே அழைத்து நன்றியோடு திருப்பித் தந்துவிட்டு, பணம் போட்டவர்களுக்கு அவரவர் பங்கு போய்ச் சேர்ந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

மேலாளர் தம் ஊழியருக்குக் கொடுப்பதில் தவறில்லை என்றேன். அங்கும் இடறி விழ இடமுண்டு. ஒருவருக்கு ஹெட்போன், அடுத்த வாரம் பிறந்தநாள் வரும் இன்னொருவருக்கு வெறும் கைகுலுக்கல் என்றால், அந்த வித்தியாசத்தை அவர்கள் இருவர் மட்டுமல்ல, மொத்தத் தளமும் அளந்து பார்க்கும். அது மதிப்பீட்டு மாதத்துக்கு அருகில் நடந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எல்லாருக்கும் ஒரே விலையில் ஒரு புத்தகமோ ஒரு பெட்டி இனிப்போ என்று வைத்துக்கொள்வது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே சலிப்புதான் பாதுகாப்பு. உடுத்துவது, பூசிக்கொள்வது, அணிந்துகொள்வது எதையும், குறிப்பாக ஆண் மேலாளர் பெண் ஊழியருக்கு, கொடுக்கவே கூடாது. புடவையையும் வளையலையும் வாசனைத் திரவியத்தையும் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு நம் வீடுகளில் எழுதப்படாத வழக்கம் உண்டு. அண்ணன் கொடுத்தால் சீர், 'சார்' கொடுத்தால் அதை வீட்டில் எப்படி விளக்குவது என்ற சங்கடம் வாங்கியவர் தலையில் விழும். நிறுவனம் எல்லாருக்கும் தரும் வவுச்சரைத் தம் சொந்தப் பரிசு போல நீட்டும் மேலாளர்களும் இருக்கிறார்கள். அது ஒரு வாரத்துக்கு மேல் வெளிவராமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வளவு ஏற்பாடு செய்பவர்கள் அந்த நாள் சரியான நாள்தானா என்று கேட்பது குறைவு. நடுவயதைத் தாண்டிய பலருக்குச் சான்றிதழில் இருப்பது, பள்ளியில் சேர்த்த அன்று ஐந்து வயது நிறைவாகும்படி தலைமையாசிரியர் கணக்குப் பார்த்துப் போட்ட தேதி. பணியாளர் பதிவேட்டைப் புரட்டினால் மே, ஜூன் மாதங்களில் இத்தனை பேர் பிறந்திருக்கிறார்களா என்று வியப்பாக இருக்கும். ஒருமுறை எங்கள் கணக்குப் பிரிவில் மூத்தவர் ஒருவரைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடி முடித்தோம். பிளாஸ்டிக் கத்தியைக் கையில் பிடித்தபடியே அவர், "நான் பொறந்தது ஐப்பசி சதயம்ப்பா. இது எங்க வாத்தியார் வெச்ச பொறந்தநாள்" என்றார். அது சிரிப்போடு போயிற்று. எல்லாமே அப்படிப் போகாது. யெகோவாவின் சாட்சிகள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, முஸ்லிம்களிலும் அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு, வீட்டில் துக்கம் நடந்து ஓராண்டு ஆகாதவருக்குக் கேக்கும் மெழுகுவத்தியும் வேதனையாகவே இருக்கும். தேதி வந்தால் தானாக வாழ்த்து அனுப்பும் மென்பொருளுக்கு இவை எதுவும் தெரியாது. முதல் நாளே தனியாகக் கேட்டுவிட அரை நிமிடம் போதும். முட்டையில்லாத கேக்கும் கூடவே ஒரு தட்டுக் காரமும் வாங்கிவிட்டால், கார்த்திகையில் மாலை போட்டிருப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் சேர்த்தே வழி செய்ததாகிவிடும்.

பிறந்தநாள்காரரின் முகத்தில் கிரீமைப் பூசுவதையும் நுரை ஸ்ப்ரே அடிப்பதையும் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கல்லூரி விடுதியோடு விட்டுவிட வேண்டிய பழக்கம் அது. ஆனால் அதன் மறுபக்கத்தை ஒருமுறை பார்த்தேன். கூட்டம் கலைந்தபின், கம்பளத்தில் மிதிபட்டுக் காய்ந்த கிரீமைப் பழைய விசிட்டிங் கார்டு ஒன்றால் சுரண்டிக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம், "உங்க பிறந்தநாள் எப்போக்கா?" என்று கேட்டேன். "எங்க பேரு உங்க கம்ப்யூட்டர்ல இல்லையே சார்" என்றார், சுரண்டுவதை நிறுத்தாமல். துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஓட்டுநர் ஆகியோர் ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியலில் இருப்பதால் நம் பிறந்தநாள் பட்டியலில் வருவதில்லை. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சத் துண்டு மட்டும் அவர்களுக்குப் போகிறது. பெயர்களைக் கையால் எழுதிச் சேர்ப்பதற்கு எந்த ஒப்பந்தமும் தடையில்லை.

பள்ளியில் பிறந்தநாள் பிள்ளை மிட்டாய் கொடுத்த பழக்கம் அலுவலகத்தில் 'ட்ரீட் எங்கே?' என்று வளர்ந்து நிற்கிறது. மேலாளரே அதைக் கேட்பது, விளையாட்டுக்கு என்றாலும், கூடாது. இருபது பேருக்குப் பிரியாணி என்றால் என்ன செலவாகும் என்பது கேட்பவருக்கும் தெரியும்.

சக ஊழியர்களுக்குள் நடக்கும் வசூலில்கூடப் பட்டியல் வேண்டாம் என்று நாங்கள் பிற்பாடு மாற்றிக்கொண்டோம். மாதத்துக்கு ஒரு கேக், அதைத் துறைத் தலைவர் தம் பணத்தில் வாங்குவார். அம்மாதம் பிறந்த எல்லாருக்கும் அதே கேக். திருமணம், குழந்தைப் பேறு போன்றவற்றுக்கு மட்டும் ஒரு பழுப்பு உறை மேசைக்கு மேசை சுற்றும். யார் எவ்வளவு போட்டார் என்பதோ, போட்டாரா என்பதோ உறைக்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்தில் இன்னும் பட்டியல்தான் என்றால், குழுவில் விவாதம் செய்யாமல் வசூலிப்பவருக்குத் தனியே, "இந்த முறை நான் சேரவில்லை, வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியைப் பெறுபவர் "ஏன்?" என்று திருப்பிக் கேட்காமல், "சரி, அட்டை என் மேசையில் இருக்கிறது" என்று மட்டும் பதில் போட வேண்டும்.