நினைவு நாணயத்தில் ரோமப் பேரரசரா? அதன் அசலைத் தேடிப் பிடிப்பது எப்படி

சென்ற ஆண்டு வெள்ளியில் ஒரு நவீன நினைவு வில்லை என் கைக்கு வந்தது. தலைப்பக்கத்தில் தாடி வைத்த ரோமப் பேரரசர் ஹேட்ரியன். பூப்பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், கையில் கிளை, காலருகே ஒரு முயல். இந்தப் படம் இன்றைய கலைஞரின் கற்பனையா, பழைய ரோம நாணயத்திலிருந்து எடுத்ததா என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பெரும்பாலான நாள் ஒரே ஒரு தவறில் கழிந்தது. உங்களுக்கு அந்தத் தவறு நேராமல் இருந்தால் இது ஒரு மாலை வேலைதான்.

முதலில் கையில் இருப்பது நாணயமா, பதக்கமா என்று பாருங்கள். நாட்டின் பெயரும் முகமதிப்பும் இருந்தால் நாணயம். இல்லையென்றால் பெரும்பாலும் பதக்கம். ஆஸ்திரிய நாணயச்சாலை 2010 முதல் 2012 வரை வெளியிட்ட 'டானூபில் ரோம்' வரிசையில் ஆறு 20 யூரோ வெள்ளி நாணயங்கள் உண்டு. ஒரு பக்கம் பேரரசர், மறுபக்கம் ஆஸ்திரிய மண்ணில் இருந்த ரோம நகரம். இவை நாணயங்கள். 1958இல் இஸ்ரேல் வெளியிட்டது பதக்கம். அதன் ஒரு பக்கத்தில், யூதர்களின் நாடான யூதேயாவை வென்றதைக் கொண்டாடி ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அடித்த நாணயத்தின் படத்தை அப்படியே வைத்து, மறுபக்கத்தில் அதற்குப் பதில் சொல்வதுபோல விடுதலையைக் காட்டினார்கள். தோற்றவர்களின் வழித்தோன்றல்கள் 19 நூற்றாண்டு கழித்து அதே படத்தை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் துறையில் என்னை இழுத்துப் பிடித்தது அந்தப் பதக்கம்தான்.

நவீன வெளியீட்டின் விவரத்தை நுமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் தளத்தில் எடுத்துவிடலாம். அதில் பிரச்சினை இல்லை.

அடுத்து படம். மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டாம். மேசை விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்தால் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது தேவையில்லை, ஐந்து மடங்கு போதும். பத்து மடங்கில் ஓர் எழுத்து தெரியும்போது பக்கத்து எழுத்து மறைந்துவிடும்.

இனிதான் முக்கியமான கட்டம்: விளிம்பைச் சுற்றியுள்ள லத்தீன் எழுத்துகளைப் படிப்பது. பழைய ரோம நாணயங்களில் பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கத்தில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் வாசிக்க வேண்டும். யு என்ற எழுத்தே இருக்காது, அதன் இடத்திலும் வி தான். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பிறகு சுருக்கங்கள். ஐ எம் பி என்றால் இம்பெராட்டர், அதாவது பேரரசர். ஏ வி ஜி என்றால் அகஸ்டஸ், பேரரசர்கள் எல்லோரும் சூடிய பட்டம். எஸ் சி என்றால் செனட்டின் தீர்மானப்படி. பி எம் என்றால் தலைமைப் பூசாரி. டி ஆர் பி என்றால் மக்களின் பிரதிநிதியான ட்ரிப்யூனின் அதிகாரம். பி பி என்றால் நாட்டின் தந்தை. டி ஆர் என்பதை அடுத்து மூன்று பி வரிசையாக நின்றால் குழம்ப வேண்டாம்: முதல் பி டி ஆரோடு சேரும், மற்ற இரண்டும் நாட்டின் தந்தை.

சரி, நான் விழுந்த பள்ளத்துக்கு வருகிறேன். என் வில்லையில் ஹேட்ரியன் பெயருக்குப் பின்னால் சி ஓ எஸ், மூன்று கோடு, பி பி என்று இருந்தது. அந்த மூன்று கோட்டை 'ஆட்சியின் மூன்றாம் ஆண்டு' என்று எடுத்துக்கொண்டேன். ஹேட்ரியன் பதவிக்கு வந்தது 117இல். ஆகவே 119, 120ஆம் ஆண்டு நாணயங்களை எல்லாம் புரட்டினேன். முயல் கிடைக்கவே இல்லை.

சி ஓ எஸ் என்பது கான்சுல் பதவி, ரோம அரசின் உயர்ந்த பதவிகளில் ஒன்று. பக்கத்தில் உள்ள எண், அந்த ஆள் எத்தனை முறை கான்சுலாக இருந்தார் என்பதைச் சொல்லும். ஹேட்ரியன் 108, 118, 119 ஆகிய மூன்று ஆண்டுகளில் கான்சுல். அதன்பின் அவர் அந்தப் பதவியை ஏற்கவே இல்லை. அதனால் 119இலிருந்து 138இல் இறக்கும்வரை அந்த எண் மூன்றாகவே நின்றது! அதே எண் வெஸ்பாசியன் நாணயத்தில் இருந்தால் அது 71ஆம் ஆண்டு. ஏனென்றால் அடுத்த ஆண்டே அவர் நான்காவது முறை கான்சுல் ஆகிவிட்டார். ஆக, எண்ணை மட்டும் பார்த்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது, எந்தப் பேரரசரின் எண் என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது அந்த பி பி தான். நாட்டின் தந்தை என்ற பட்டத்தை ஹேட்ரியன் 128இல் ஏற்றார். அப்படியானால் என் வில்லையின் அசல் 128க்கும் 138க்கும் இடைப்பட்டது. 19 ஆண்டு 10 ஆண்டாகச் சுருங்கியது. ஒரு பட்டம் எப்போது வந்தது என்று தெரிந்துகொள்வதில் இவ்வளவு இருக்கிறது.

இன்னொன்று: நான்கு என்ற எண்ணைப் பழைய நாணயங்களில் பெரும்பாலும் நான்கு கோடாகவே போட்டிருப்பார்கள். பள்ளியில் படித்த ரோம எண்ணைத் தேடினால் கிடைக்காது.

இப்போது தேடல். ஓக்ரே என்ற தளத்துக்குப் போங்கள். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் வெளியீடு, இலவசம். அகஸ்டஸ் தொடங்கி ரோமப் பேரரசின் நாணய வகைகளை ஒவ்வொன்றாகப் பதிந்திருக்கிறார்கள். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது உங்களைக் கடைகளுக்கும் சுற்றுலாப் போலிகளுக்கும்தான் கூட்டிப்போகும். ஓக்ரேயில் பேரரசரைத் தேர்ந்தெடுத்து, பூப்பக்கத்தின் சொல்லைத் தட்டுங்கள். வி இருக்கும் இடத்தில் வி என்றே தட்ட வேண்டும். என் வில்லையில் 'ஹிஸ்பானியா' என்று இருந்தது. தட்டியதும் வந்துவிட்டது: ஸ்பெயின் மாகாணத்தைப் பெண்ணாக வடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு, கையில் ஆலிவ் கிளை, அருகே முயல். ஹேட்ரியன் பேரரசு முழுவதும் சுற்றி வந்தவர். கடைசிக் காலத்தில் எகிப்து, ஆப்பிரிக்கா என்று மாகாணங்களுக்குத் தனித்தனியாக நாணயம் அடித்தார். அந்த வரிசையில் இதுவும் ஒன்று. முயலைப் பார்த்ததும் எழுந்து போய் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடைசியாக இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தலைப்பக்கம் பொருந்தவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். நவீன வடிவமைப்பாளர்கள் பல நேரம் நாணயத்தை விட்டுவிட்டுச் சிலையைப் பார்த்து வரைகிறார்கள். இத்தாலியின் 50 சென்ட் யூரோவில் குதிரைமேல் இருக்கும் மார்கஸ் அவுரேலியஸ், ரோமில் கேப்பிடோல் குன்றில் உள்ள வெண்கலச் சிலையிலிருந்து வந்தவர். அப்படிப்பட்டதற்கு ஓக்ரேயில் தேடிப் பயனில்லை, அருங்காட்சியகத் தளங்களுக்குப் போக வேண்டும்.

அசலை நேரில் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நம் மண்ணில் கிடைத்த ரோம நாணயங்கள் உள்ளன. இந்தியாவில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் டைபீரியஸும்தான் அதிகம், ஹேட்ரியனை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பின்சேர்க்கை 1: கண்ணாடி போல மின்னும் ப்ரூஃப் நாணயத்தைப் படம் எடுத்தால் விளக்குதான் தெரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விளக்குக்கு முன்னால் பட்டர் பேப்பரைப் பிடியுங்கள். நாணயத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கேப்சூலைத் திறக்கவே வேண்டாம். ஒரு விரல் ரேகை பட்டால் போகாது.

பின்சேர்க்கை 2: அகஸ்டஸ் முகம் உள்ள ஒரு வில்லைக்கு அகஸ்டஸ் பட்டியலில் அசல் கிடைக்கவில்லை என்றார் ஒரு வாசகி. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'திவுஸ்' என்று இருந்தது. இறந்து தெய்வமானவர் என்று பொருள். அந்த நாணயத்தை அடித்தவர் அடுத்து வந்த டைபீரியஸ். ஓக்ரேயில் ஆட்சியாளர் என்ற இடத்தில் டைபீரியஸையும், உருவப்படம் என்ற இடத்தில் அகஸ்டஸையும் தேர்ந்தெடுத்ததும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

பின்சேர்க்கை 3: ஹேட்ரியனுக்கு ஏலப் பட்டியல் சொல்லும் ஆர் ஐ சி (ரோமப் பேரரசு நாணயங்களின் அச்சுப் பட்டியல்) எண்ணும் ஓக்ரே எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டவருக்கு: இரண்டும் சரிதான். ஹேட்ரியன் பகுதி 1926இல் வந்த தொகுதியில் இருந்தது, 2019இல் புதிதாகத் திருத்தி எழுதினார்கள், எண்கள் எல்லாம் மாறிவிட்டன. குறிப்பெடுக்கும்போது எண்ணோடு எந்தப் பதிப்பு என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.