இசைத் திருட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் திட்டமிடும் மாணவர்களுக்கு

காட்சித் தொடர்பியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இசைத் திருட்டு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் எழுதிவரும் முதல் தாளில் பெரும்பாலும் நாப்ஸ்டர்தான் நாயகனாக இருக்கிறது. 1999இல் தொடங்கி 2001இல் நீதிமன்றத் தடையால் நின்றுபோன, பயனர்கள் பாட்டுக் கோப்புகளை இணையத்தில் பரிமாறிக்கொண்ட அந்தச் சேவையின் கதை முக்கியமானதுதான். ஆனால் அது இணைய இணைப்பு இருந்த அமெரிக்கக் கல்லூரி விடுதிகளின் கதை. தமிழ்நாட்டில் பாட்டு நகலெடுக்கப்பட்ட இடம் முதலில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கேசட் கடை, பிறகு பர்மா பஜார் போன்ற சந்தைகளின் குறுந்தகடு அடுக்கு, அதன் பிறகு கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்யும் கடை. நீங்கள் நேரில் போய்ப் பார்க்கக்கூடிய, கேள்வி கேட்கக்கூடிய மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால், பதினைந்து நிமிடப் படத்துக்கு இந்தக் கதையே போதும்.

அதிலும் ‘இசைத்துறையும் இசைத் திருட்டும்’ என்று முழுவதையும் அள்ளிக்கொள்ள முயலாதீர்கள். 1980களிலோ 1990களிலோ வெளிவந்த ஒரே ஒரு திரைப்பாடலைத் தேர்ந்தெடுங்கள். அதை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், படத்தைத் தயாரித்தவர், ஒலிநாடா உரிமையை வாங்கிய நிறுவனம், அதை நகலெடுத்து விற்ற கடைக்காரர், அந்த நகலை வாங்கித் தேயத் தேயக் கேட்டவர் என்று ஒரு சங்கிலி உங்களுக்குக் கிடைக்கும். இவர்கள் ஒவ்வொருவரிடமும், அல்லது அவர்களைப் பற்றி அறிந்தவர்களிடமும், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தப் பாட்டால் உங்கள் கைக்கு எப்போது, எவ்வளவு பணம் வந்தது, அல்லது கையைவிட்டுப் போனது? அந்தக் கேள்விக்கான பதில்களை வரிசையாக வைத்தாலே படத்தின் எலும்புக்கூடு உருவாகிவிடும்.

யாருடைய பாட்டு?

படப்பிடிப்புக்கு முன் நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரு பாட்டு ஒரே சொத்து அல்ல என்பது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பாடல் வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. ஒலிப்பதிவு தனிப் படைப்பு. பாடியவருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமை. இந்த நான்கும் நான்கு பேரிடம் இருக்கலாம், ஒருவரிடமே குவிந்தும் இருக்கலாம். திரைப்பாடல்களில் அவை குவிந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன பாட்டுக்கும் போடச் சொன்ன மெட்டுக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்கும் இசைக்கலைஞருக்கும் சட்டம் உரிய இடம் தரவில்லையே என்ற கவலையைத் தனியாகப் பதிவு செய்தார். நிலைமை மாறுவதற்கு 35 ஆண்டுகள் ஆயின. 2012ஆம் ஆண்டின் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியில், அதாவது உரிமைத் தொகையில், தமக்குரிய சம பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று ஆக்கியது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக வெளிப்படையாகப் போராடினார். பாடகர்களுக்கான உரிமைச் சங்கம் 2013இல்தான் உருவானது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மாணவர்களின் பின்னணிக் குரல் வரிகளில் ‘திருட்டுக் கேசட் கவிஞரின் வயிற்றில் அடித்தது’ என்பது போன்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டின் ஆசிரியர் ஒரு முறை கைக்கு வந்த தொகையோடு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவராக இருந்தால், கடையில் எடுத்த நகலால் அவருக்கு நேரடியாகப் பறிபோனது என்ன என்பதை நீங்கள் விசாரித்தாக வேண்டும். அப்படி விசாரிப்பது நகலெடுத்ததை நியாயப்படுத்துவதாகாது. ஒலிநாடா நிறுவனத்தின் விற்பனை குறைந்தால் அது அடுத்த படத்தின் பாடல் உரிமைக்குக் கொடுக்கும் விலையும் குறையும். அந்தக் குறைவு இசையமைப்பாளரின் சம்பளம் வரைக்கும், வயலின் வாசித்தவரின் அன்றைய கூலி வரைக்கும் இறங்கக்கூடும். அந்த இறக்கத்தைக் காட்டுவதுதான் படத்தின் கடினமான பகுதி. என் பார்வையில், படம் நிற்பதும் விழுவதும் அங்கேதான்.

ராயல்டி தகராறையும் திருட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம், இளையராஜாவின் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று தமக்கு வழக்கறிஞர் அறிவிப்பு வந்ததை வெளிப்படையாகத் தெரிவித்தபோது தமிழ்நாடே விவாதித்தது. அது நிகழ்த்தும் உரிமை பற்றிய கேள்வி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய திருட்டுத் தகட்டைப் பற்றியது அல்ல.

கடைக்குப் போகும்போது

முதல் முறை கேமரா இல்லாமல் போங்கள். பழைய கேசட் கடைக்காரர்கள் பலர் இன்று கைப்பேசி உறை விற்கிறார்கள், ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். உட்கார்ந்து பேசினால், ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் இரட்டை டெக்கைப் பரணில் இருந்து இறக்கிக் காட்டுவார்கள். வாடிக்கையாளர் வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பதும், கடைக்காரர் அதை ஏ பக்கம், பி பக்கம் என்று பிரிப்பதும், 60 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்பதால் கடைசியில் மிஞ்சும் இரண்டு நிமிடத்துக்குத் தானே ஒரு சின்னப் பாட்டைத் தேடிப் போடுவதும், அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டுப் பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதுவதும் ஒரு கைத்தொழிலாகவே நடந்தன. நிறுவனக் கேசட்டின் விளிம்பில், மேலே பதிவு செய்ய முடியாதபடி இரண்டு சிறு பிளாஸ்டிக் மடல்கள் உடைக்கப்பட்டிருக்கும். அந்தக் குழியின் மேல் செல்லோடேப்பை ஒட்டி அதிலேயே வேறு பாட்டைப் பதிந்த வீடுகள் எத்தனையோ. அந்தக் குழியையும் ஒட்டும் விரலையும் மிக அருகில் படமெடுங்கள். ஒரு நிமிட விளக்கத்தை அந்த ஒரு காட்சி மிச்சப்படுத்தும்.

தொழில்நுட்ப மாற்றத்தையும் கணக்காகக் காட்டுங்கள். சாதாரண இசைக் குறுந்தகட்டில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிட இசைதான் அடங்கும். ஐந்து நிமிடப் பாட்டாக எண்ணினால் பதினைந்து பாட்டு. எம்பி3 முறையில், 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில், ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய ஒரு எம்பி போதும் என்பதால், 700 எம்பி தகட்டில் 140 பாட்டுகள் அடங்கிவிடும். ஓர் இசையமைப்பாளரின் பத்துப் பதினைந்து படங்கள் ஒரே தகட்டில் ஏறிய காலம் அது. பிறகு தகடும் மறைந்து, கடைக்காரர் தன் கணினியில் இருந்து மெமரி கார்டில் ‘பாட்டு ஏற்றிக்’ கொடுத்தார். கேசட்டில் ஒவ்வொரு நகலுக்கும் தரம் குறைந்தது; எம்பி3 கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் குறையவில்லை. ஒரே பாட்டின் நிறுவனக் கேசட்டையும் மூன்றாம் தலைமுறை நகலையும் (நகலின் நகலிலிருந்து எடுத்த நகல்) அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் பார்வையாளர் காதாலேயே இதைப் புரிந்துகொள்வார்.

பேசுகிறவரைக் காப்பது உங்கள் பொறுப்பு

பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுகிறவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. 2022இல் உச்ச நீதிமன்றம், இது காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடத் தகாத குற்றம் என்று தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2004 முதல், திருட்டு வீடியோ தயாரிப்பவர்கள் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் வருகிறார்கள். ஆகவே ‘நான் பத்து வருஷம் இதைத்தான் செஞ்சேன்’ என்று ஒருவர் நம்பிச் சொல்லும்போது, அந்த நம்பிக்கைக்கு நீங்கள் கடன்பட்டவர்கள். முகத்தை நிழலாக்கினால் மட்டும் போதாது. குரல், மோதிரம், கடைப்பலகை, பின்னால் தெரியும் கோயில் கோபுரம் ஆகியவற்றில் ஒன்றே அவரை அடையாளம் காட்டப் போதும். அவர் சொன்னதை வேறொருவர் குரலில் பதிந்து, அப்படிச் செய்திருப்பதைத் திரையில் அறிவித்துவிடுவதே மேல். கோப்புகளுக்குப் பெயரிடும்போதுகூட அவருடைய பெயரை எழுதாதீர்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, படம் எங்கெங்கே திரையிடப்படும் என்பதைச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

உரிமையாளர்கள் தரப்பு வாதங்களுக்கு நீதிமன்ற ஆவணங்கள் நல்ல துணை. 2012இல் ‘3’ படத்தின் திருட்டு நகல்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தடையாணையை அடுத்து, இணையச் சேவை வழங்கும் நிறுவனங்கள் சில தளங்களை முழுதாகவே முடக்கின. பிறகு, குறிப்பிட்ட இணைப்புகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்புகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பழைய பாட்டுப் புத்தகங்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். இழப்புத் தொகை பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும், விற்ற நகல் ஒவ்வொன்றையும் அசல் விலைக்குப் போயிருக்கக்கூடிய விற்பனையாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அந்தத் தொகையை அப்படியே படத்தில் போடாதீர்கள்.

உங்கள் படத்தில் ஒலிக்கும் இசை

எந்தப் பாட்டைப் பற்றிப் படம் எடுக்கிறீர்களோ, அதைப் படத்தில் ஒலிக்கவிடுவதற்கே அனுமதி தேவைப்படலாம். முப்பது விநாடி வரை பயன்படுத்தலாம் என்று கல்லூரிகளில் உலவும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பாட்டின் ஒரு பகுதியைப் போட்டு அதைப் பற்றியே ஒருவர் பேசுவது அதற்குள் வரலாம், பேருந்துக் காட்சிக்குப் பின்னணியாக ஓடவிடுவது வருவது கடினம். ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். வரிகளுக்கும் மெட்டுக்கும் படைப்பாளியின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். எனவே பதிவு பழையது என்பதால் மட்டும் பாட்டு பொதுச்சொத்தாகிவிடாது. பாரதியின் வரிகள் எல்லோருக்கும் உரியவை. 1949இல் அன்றைய சென்னை அரசே உரிமையைப் பெற்றுப் பின்னர் பொதுமக்களுக்கு விட்டது. அவற்றுக்கு உங்கள் கல்லூரி இசை மாணவர் புதிதாக மெட்டமைக்கலாம். அவருக்குச் சிறு தொகையாவது கொடுத்து, அதை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பொருளைப் பற்றிய படத்தில் ஓசியில் வாங்கிய இசை இருக்கவே கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தற்செயலாகப் பதிவாகும் இசையும் ஆபத்துதான். என் மாணவர்கள் எடுத்த நாற்பது நிமிட நேர்காணல் ஒன்று முழுவதும் பக்கத்துக் கடையின் எஃப்எம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெட்டும் இடமெல்லாம் பாட்டு எகிறியது, இணையத்தில் ஏற்றியதும் தானியங்கிச் சோதனை அதைப் பிடித்துத் தடுத்தது. அந்தக் கடைக்காரரிடம் நேர்காணல் முடியும்வரை வானொலியை அணைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும். காலர் மைக் பயன்படுத்துங்கள். பேட்டி முடிந்ததும் அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். கடைகளில் குழல்விளக்கு இருக்கும் என்பதால் கேமராவில் நொடிக்கு 25 பிரேமும் 1/50 நொடி ஷட்டரும் வைத்தால் ஒளித்துடிப்பு வராது. ஒவ்வொரு நாளும் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, இருவர் வீட்டில் வையுங்கள்.

பன்னிரண்டு வாரம் இருந்தால் நான்கு வாரத்தை ஆய்வுக்கும், மூன்றைப் படப்பிடிப்புக்கும், மிச்சத்தைப் படத்தொகுப்புக்கும் ஒதுக்குங்கள். உரிமையாளர்களுக்கு அனுமதி கேட்டு எழுதும் கடிதங்கள் முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். எந்தப் பாட்டு, எத்தனை விநாடி, எங்கே திரையிடப்படும் என்பதைக் குறிப்பிட்டு, ஒலிப்பதிவு நிறுவனத்துக்கும் வரி, மெட்டு உரிமையாளருக்கும் தனித்தனியாக எழுதி, நகலையும் அனுப்பிய தேதியையும் பத்திரப்படுத்துங்கள். இறுதிப் பிரதி போகும் நாள்வரை பதில் வரவில்லை என்றால், பாட்டு ஒலிக்க வேண்டிய அந்த இருபது விநாடியை மௌனமாகவே விட்டு, யாருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்பதைத் திரையில் போட்டுவிடுங்கள்.