கிரானைட் மேடையில் புது சிங்க்: வெட்டும் முன்னும் வெட்டும்போதும் நடக்கும் தவறுகள்

சமையல் மேடையை வெட்டிப் புது சிங்க் வைக்கும்போது, பாதித் தவறுகள் கட்டர் ஓடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. சிங்க் வீட்டுக்கு வருவதற்குள் கல்லை வெட்டிவிடுவது அதில் முதலாவது. கடையில் 24க்கு 18 என்று சொல்வது பெரும்பாலும் விளிம்பையும் சேர்த்த அளவு. அதே அளவுக்கு வெட்டினால் சிங்க் நேராக உள்ளே போய்விடும். விளிம்பு கல்லின் மேல் உட்கார வேண்டுமானால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அரை அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும். பெட்டியிலேயே அளவுத்தாள் இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும், மேஸ்திரியின் கண்ணளவை அல்ல. சின்னதாக வெட்டியதைப் பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து ஆழம். பழைய சிங்க் 7 அங்குல ஆழம், புதியது 10 என்றால் அடிவாய் 3 அங்குலம் கீழே இறங்கும். சுவருக்குள் போகும் வேஸ்ட் பைப் அதைவிட மேலே இருந்தால் தண்ணீர் வடியாது. இதைப் பலர் கல்லை வெட்டி, சிங்க்கை ஒட்டி, பிளம்பர் வந்து குனிந்து பார்த்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

மேடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சில வீடுகளில் கிரானைட்டுக்குக் கீழே கடப்பா கல், சில வீடுகளில் கம்பி போட்ட கான்கிரீட் பலகை. சாதாரண 4 அங்குல கட்டர் கிரானைட்டைத் தாண்டி அந்தக் கான்கிரீட்டின் அடிவரை எட்டாது. உடனே சுத்தியலும் உளியும் வெளியே வரும். அந்த அதிர்ச்சியில்தான் நல்லபடியாக வெட்டிய கிரானைட் விரிசல் விடுகிறது. அடியிலிருந்தும் கட்டர் போட்டு, மீதியைச் சின்னச் சின்னத் துண்டாக எடுக்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். புதுக் கல் வாங்குவதைவிட மலிவு.

கல் உடைவது பெரும்பாலும் மூலையில். கட்டர் பிளேடு வட்டம் என்பதால், மேலே கோடு முடிகிற இடத்தில் அடிப்பக்கம் இன்னும் வெட்டுப்பட்டிருக்காது. அதை முடிக்க ஆள் பிளேடைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் ஓட்டிவிடுவார். மூலையில் பெருக்கல் குறி போல ஒரு கீறல் விழும். விளிம்பு அதை மறைத்துவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு ஒருநாள் பக்கத்தில் கனமான கிரைண்டரைத் தூக்கி வைக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இதற்கு வழி, நான்கு மூலையிலும் முதலில் கோர் பிட்டால் (கல்லில் வட்டமாகத் துளை போடும் டிரில் முனை) துளை போட்டு, வெட்டு அந்தத் துளைக்குள்ளேயே முடியுமாறு பார்த்துக்கொள்வது. கூர்மையான மூலையை விட வளைந்த மூலை பாரத்தைத் தாங்கும்.

முன்பக்கத்தில் விடும் பட்டையையும் கஞ்சத்தனமாக விடாதீர்கள். இரண்டரை, மூன்று அங்குலமாவது கல் நிற்க வேண்டும். வெட்டும்போது அடியில் மரச்சட்டம் முட்டுக்கொடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால் கடைசி அங்குலத்தில் நடுத்துண்டு தன் பாரத்திலேயே கீழே இறங்கி, ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

கருப்புக் கல்லில் பென்சில் கோடு தெரியாது. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் வரைந்தால் கோடும் தெரியும், மெஷின் உரசிப் பாலிஷும் கெடாது.

உலர வெட்டுவதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. அந்தத் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைப் பாழாக்கும். செயற்கை குவார்ட்ஸ் மேடை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், மாஸ்க் போட வேண்டும். தண்ணீரும் கரண்டும் சேரும் வேலை என்பதால் இணைப்பு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓரத்தில் வெள்ளை சிமென்ட் பூசும் பழக்கம். ஸ்டீலும் கல்லும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, அதனால் சிமென்ட் சீக்கிரமே விட்டுப்போய் அந்த இடுக்கில் அழுக்கு கருப்பாகப் படியும். ரப்பர் போல இழுபடும், பூஞ்சை பிடிக்காத சிலிக்கோன் சீலன்ட்தான் இதற்குச் சரி. பூசிய பின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. அன்றைக்குப் பாத்திரமெல்லாம் பின்கட்டுக் குழாயடிக்குத்தான் போக வேண்டும்.