மோட்டார் அதிர்வைத் தரவாக்குவது: 10 மோட்டார்களோடு தொடங்க ஒரு செய்முறை

ஆலையின் எல்லா எந்திரங்களிலிருந்தும் ஒரே மூச்சில் தரவு திரட்டினால் வட்டு நிறையும், விடை கிடைக்காது. ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். இங்கே நம் கேள்வி: 22 கிலோவாட், 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டார்களில் எதன் பேரிங் கெடத் தொடங்கியிருக்கிறது?

1. முதலில் கணக்கு

அதிர்வின் முடுக்கத்தை அளக்கும் ஏ.டி.எக்ஸ்.எல்.345 சென்சார் மூன்று அச்சுகளில் விநாடிக்கு 3,200 முறை அளந்தால், ஒரு மோட்டாருக்கே நாளொன்றுக்கு சுமார் 1.66 ஜி.பி. சேரும். பத்து மோட்டாருக்கு 16.6 ஜி.பி. இதை அப்படியே சர்வருக்கு அனுப்பாதீர்கள். மோட்டார் பக்கத்திலேயே ஒரு இ.எஸ்.பி.32 பலகை (வைஃபை உள்ள குட்டிக் கணினி) வைத்து, நிமிடத்துக்கு ஒரு விநாடி மட்டும் அளந்து, கணக்கிட்ட மதிப்பை அனுப்பினால் மோட்டாருக்கு நாளைக்கு 1,440 பதிவுகள்தான்.

2. சென்சார் பொருத்துதல்

பாதிப் பிழை இங்கேதான் பிறக்கிறது. பேரிங் இருக்கும் பக்கத்து வார்ப்பிரும்பு உடலில் பெயின்டைச் சுரண்டி, ஸ்டட் போல்ட்டால் இறுக்குங்கள். விசிறி மூடியில் ஒட்டினால் தகடு அதிர்வதைத்தான் அளப்பீர்கள். சென்சாரைப் பலகையோடு இணைக்க ஐ2சி, எஸ்.பி.ஐ. என இரண்டு முறைகள் உண்டு. ஐ2சி வழியாக இணைத்தால் விநாடிக்கு 800 அளவுகளுக்கு மேல் நம்பகமாக வராது; 3,200 வேண்டுமென்றால் எஸ்.பி.ஐ. தேவை. அதற்கு ஒயர் குட்டையாக இருக்கவேண்டும். பலகையைச் சென்சார் அருகே வைக்கச் சொல்வது இதனாலும்தான்.

3. மின்னோட்டமும் வேண்டும்

மோட்டார் நின்றிருக்கும்போது அதிர்வு பூச்சியம். அந்த நிமிடங்களும் சராசரியில் கலந்தால், கெட்ட மோட்டாரும் நல்லதாகத் தெரியும். எனவே மோட்டார் ஓடுகிறதா என்று அறிய 60 ஆம்பியர் சி.டி. (ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டம் அளக்கும் வளையம்) ஒன்றை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு பேஸ் ஒயரில் மாட்டுங்கள். மூன்று பேஸையும் சேர்த்து வளைத்தால் அளவு பூச்சியத்துக்கு அருகில்தான் நிற்கும். மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி இருந்தால் அதன் அதிர்வெண்ணையும் மோட்பஸ் என்ற தகவல்தொடர்பு முறை வழியாக எடுத்துப் பதியுங்கள். வேகம் மாறினால் அதிர்வும் மாறும்.

4. அனுப்புதல், சேமித்தல்

பலகையிலிருந்து எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறை வழியாக, செய்திகளை வாங்கும் மொஸ்கிட்டோவுக்கு, அங்கிருந்து டெலிகிராஃப் என்ற கடத்தி மூலம் இன்ஃப்ளக்ஸ்டிபி தரவுத்தளத்துக்கு, வரைபடமாகப் பார்ப்பதற்குக் கிராஃபானா. பிரிவு, மோட்டார் எண் இரண்டையும் மட்டும் டேக் (தேடுவதற்கான அடையாளம்) ஆக வையுங்கள். அளவுகள் ஃபீல்டில் (மதிப்புகளுக்கான இடம்) போகட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மாறும் எதையாவது டேக்கில் போட்டால் சில வாரங்களில் தேடல் ஊர்ந்து நகரும். எல்லாப் பலகைகளின் கடிகாரத்தையும் என்.டி.பி.யால் (இணையவழி நேரம் ஒத்திசைக்கும் முறை) ஒன்றாக்குங்கள், வைஃபை அறுந்தால் பலகையிலேயே சேமித்துப் பின்னர் அனுப்பும்படி எழுதுங்கள்.

5. எல்லைகள்

முடுக்கத்தைத் தொகையிட்டுத் திசைவேகம் காண்பதற்கு முன் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டுங்கள். விட்டுவிட்டால் மதிப்பு தானாக ஏறிக்கொண்டே போகும். 15 முதல் 300 கிலோவாட் வரை, உறுதியான அடித்தளத்தில் நிற்கும் எந்திரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10816-3 (2022-இல் இதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 20816-3 வந்தது) தந்த ஆர்.எம்.எஸ். (ஒருவகைச் சராசரி) திசைவேக எல்லைகள்: 1.4 வரை புதியது போல, 2.8 வரை தொடர்ந்து ஓட்டலாம், 4.5 வரை கொஞ்ச காலம்தான், அதற்கு மேல் ஆபத்து (மி.மீ./விநாடி). ஆனாலும் ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு வார இயல்பு அளவைத் தனியே எடுத்துவையுங்கள். 0.8-இல் ஓடிய மோட்டார் 2.0-க்கு வந்தால் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது.

6. எது கெட்டது?

எஃப்.எஃப்.டி. (அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள். 1,440 ஆர்.பி.எம். என்றால் 24 ஹெர்ட்ஸ். 24-இல் உச்சம் இருந்தால் சமநிலைக் குறை. 48-இல் இருந்தால் கப்ளிங் (மோட்டாரை எந்திரத்தோடு சேர்க்கும் இணைப்பு) நேராக இல்லையா என்று முதலில் பாருங்கள். 100-இல் இருந்தால் ஸ்டேட்டரின் (மோட்டாரின் சுழலாத பகுதி) மின்கோளாறைச் சந்தேகியுங்கள். பேரிங் வெளிவளையக் கோளாறுக்குத் தோராயக் கணக்கு: 0.4 × குண்டுகளின் எண்ணிக்கை × வேகம் (ஹெர்ட்ஸில், இங்கே 24). 8 குண்டு என்றால் சுமார் 77 ஹெர்ட்ஸ்.

கிரீஸ் அடித்தது, பெல்ட் மாற்றியது, பேரிங் கழற்றியபோது கண்டது என எல்லாவற்றையும் பராமரிப்புக் குழு தேதி, நேரத்தோடு கிராஃபானாவில் குறிக்கட்டும். அந்தக் குறிப்புகள் சேராமல் மெஷின் லேர்னிங் பக்கம் போகாதீர்கள். எது கோளாறு என்று மாடலுக்குச் சொல்லித்தர உங்களிடம் வேறெதுவும் இருக்காது.