தேங்காய் மட்டையில் பிரியாத கயிறு திரிக்கும் முறை

ஜொகூரில் உறவினர் தோப்பில் முகாமிட்டிருந்த இரவில், மட்டை நாரைக் கொண்டு நாங்கள் திரித்த கயிறு காற்றில் பிரிந்து, தார்ப்பாய் எங்கள்மேல் சரிந்தது. ஒரு நார்கூட அறுந்திருக்கவில்லை. திரித்த திசைதான் தவறு. அதைச் சரிசெய்து கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் அனுமதியின்றித் தாவரங்களின் எப்பகுதியையும் எடுக்கக்கூடாது என்பதால், பயிற்சிக்குத் தரைவீட்டில் தென்னை வளர்க்கும் தெரிந்தவர்களிடம் முற்றிய, பழுப்பேறிய மட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

மட்டையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, உருண்டையான கட்டையால் தட்டினால் நார்களுக்கிடையிலுள்ள சோறு (துகள் போன்ற சக்கை) உதிர்ந்துவிடும். இரும்புச் சுத்தியல் நாரை நறுக்கிவிடுவதால், எனக்கு எப்போதும் மரக்கட்டைதான். நார்களை ஒரே பக்கமாக நீவி, ஈரம் காயும் முன்பே பென்சில் பருமனுள்ள கற்றையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நார் பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாது. ஆகவே கற்றையை நீளமாக்க, நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடுக்க வேண்டும்.

இனித்தான் நாங்கள் தவறிய இடம். கற்றையை நடுவில் அல்லாமல் மூன்றில் ஒரு பங்கில் மடித்து (காரணம் பின்னால் வரும்), மடிப்பை இடக்கையால் பிடித்துக்கொண்டால் இரண்டு புரிகள் கிடைக்கும். உங்களுக்கு அப்பால் இருக்கும் புரியை வெளிப்பக்கமாக இறுக்கமாக முறுக்கி, முறுக்கு தளராமலே அதை மற்றப் புரியின் மேலாக உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். இப்போது அப்பால் போயிருக்கும் புரிக்கும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து எதிர்த்திசையில் சுற்றிக்கொள்வதால், ஒன்று பிரிய முயலும்போதெல்லாம் மற்றொன்றை இறுக்குகிறது. நாங்கள் இரண்டையும் ஒரே திசையில் சுற்றியிருந்தோம். கைக்குப் பழக்கம் வரும்வரை, சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு ராஃபியா கயிறுகளை (பொதி கட்டும் பிளாஸ்டிக் கயிறு) முடிந்து பழகுங்கள். நிறங்கள் மாறிமாறிச் சீராக வந்தால் திசை சரி என்று கண்ணே சொல்லிவிடும். பிடியை விட்டுப் பாருங்கள்: சரியான கயிறு சற்றே நெளிந்து அப்படியே நிற்கும், தவறானது கையிலேயே விரிந்துவிடும்.

ஒரு புரி நான்கு விரற்கடை மீதமிருக்கும்போதே, நுனி மெலிந்த புதுக் கற்றையை அதனுடன் சேர்த்து முறுக்குங்கள். இரண்டு புரிகளுக்கும் ஒரே இடத்தில் இணைப்பு விழுந்தால் கயிறு அங்கேதான் அறும். இதைத் தவிர்க்கவே, முதல் மடிப்பை நடுவில் போடாமல் மூன்றில் ஒரு பங்கில் போட வேண்டும்.

பின்சேர்க்கை: இளநீர் மட்டையில் முயன்ற ஒருவர், நார் சோற்றோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று எழுதியிருந்தார். இளம் மட்டையைப் பல மாதங்கள் ஊறப்போட்டால்தான் நார் பிரியும். காட்டில் அதற்கு நேரமில்லை, முற்றியதையே தேடுங்கள். இன்னொருவர் கடற்கரையில் இக்கயிறு நனைந்தால் அழுகுமா என்று கேட்டார். தேங்காய் நாரில் லிக்னின் (தாவரங்களுக்கு உறுதி தரும் பொருள்) மிகுதியாக இருப்பதால் அது உப்புநீரை நன்றாகத் தாங்கும். கையால் திரித்த கயிற்றில் தார்ப்பாயைக் கட்டலாம், மூங்கில்களைப் பிணைக்கலாம். ஆனால் தொங்கு படுக்கையைக் கட்டி ஆள் படுக்கவோ, பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கவோ கூடாது.