செல் செத்தும் எம்டிடியில் ஊதா குறையவில்லை: என் அனுபவம்

முருங்கை இலையின் மெத்தனால் சாறு. ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை அளக்கும் டிபிபிஎச் சோதனையில் ஊதா மளமளவென்று வெளுத்து மஞ்சளானது, அதுவரை சிக்கலில்லை. அதே சாற்றை எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுச் செல்களில் போட்டு எம்டிடி பார்த்தபோதுதான் தலைவலி. எம்டிடி ஒரு மஞ்சள் சாயம்; உயிருள்ள செல்கள் அதை ஃபார்மசான் என்ற ஊதாப் படிகமாக மாற்றும், ஊதா கூடினால் உயிருள்ள செல் அதிகம் என்று கணக்கு. சாற்றின் அளவு கூடக் கூட, உயிருள்ள செல்களின் விழுக்காடும் ஏறியது. உச்ச அளவில் நூறையே தாண்டியது. நுண்ணோக்கியிலோ செல்கள் உருண்டு, தட்டை விட்டுக் கழன்று மிதந்தன.

எம்டிடியைப் புதிதாகக் கலக்கினேன். செல் எண்ணிக்கையை மாற்றினேன். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவை 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

துப்பு கொடுத்தது படிகங்கள்தான். ஃபார்மசான் வழக்கமாக ஊசி ஊசியாகச் செல்லோடு ஒட்டியிருக்கும். இங்கே செல்லே இல்லாத வெற்றிடத்திலும் கிடந்தது. அதுவும் எம்டிடி ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே. செல் இல்லாத குழிகளில் செல் வளர்ப்பு ஊடகம், சாறு, எம்டிடி மட்டும் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் ஊதா! சாற்றிலுள்ள பாலிஃபீனால்களே எம்டிடிக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கி, ஊதாவாக்கிவிடுகின்றன. டிபிபிஎச்சில் நல்ல பெயர் வாங்கித் தந்த அதே குணம்.

எம்டிடிக்கு முன் ஊடகத்தை உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசல் விட்டு மெதுவாக இருமுறை கழுவியதும் உயிருள்ள செல்களின் வளைகோடு ஒழுங்காக இறங்கியது. அப்பாடா! வேகமாகக் கழுவினால் உயிருள்ள செல்லும் சேர்ந்து போய்விடும், பிப்பெட் முனையைக் குழியின் ஓரத்தில் வையுங்கள். எஸ்ஆர்பியிலும் சரிபார்த்தேன், அது செல்லின் புரதத்தில் ஏறும் சாயம் என்பதால் இந்தக் குழப்பம் அதில் வராது. இரண்டும் ஒத்துப்போயின.